சிசேரியன் தழும்பில் கர்ப்பம்: சிகிச்சையின்போது ரத்தப்போக்கு யாருக்கு அதிகமாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேனில் "தழும்புக் கர்ப்பம்" என்று வந்ததும் எல்லாரும் கேட்பது, "எந்தச் சிகிச்சை நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவருக்கு ரத்தம் கொட்டும் வாய்ப்பு எவ்வளவு? ஒரே சிகிச்சை ஒருவருக்கு அரை மணி நேர வேலையாக முடிகிறது, இன்னொருவரை அறுவை அரங்குக்கு ஓட வைக்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் பார்க்கிறோம்.

தழும்புக் கர்ப்பம் என்றால் என்ன?

சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பகுதியை, சிறுநீர்ப்பைக்குச் சற்றுப் பின்னால், குறுக்காகத் திறந்து குழந்தையை எடுக்கிறார்கள். தைத்த இடம் ஆறும்போது சிலருக்கு உட்புறத்தில் ஒரு சின்னக் குழி மிஞ்சிவிடும். அடுத்த கர்ப்பத்தில் கரு அந்தக் குழிக்குள்ளோ தழும்பின் மீதோ ஒட்டிக்கொண்டால் அது தழும்புக் கர்ப்பம். வயிற்றுத் தோலில் தெரிகிற தழும்பு அழகாக ஆறியிருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மருத்துவ இதழ்களில் இது முதலில் பதிவானது 1978இல். ஏறக்குறைய 2,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிசேரியன்கள் கூடிவிட்டன, ஸ்கேன் கருவிகளும் நன்றாகிவிட்டன. அதனால் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது.

கருச்சிதைவில் எல்லாருக்கும்தான் ரத்தம் போகிறது. இதில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

கரு எங்கே ஒட்டினாலும் அங்கே தாயின் ரத்தக் குழாய்கள் திறந்துகொள்ளும். கரு வெளியேறிய பிறகு அந்தக் குழாய்களை மூடுவது பெரும்பாலும் ரத்தம் உறைவதால் மட்டும் நடப்பதில்லை. கருப்பையின் மேல்பகுதி முழுக்கத் தடித்த தசை. அதன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, நடுவில் ரத்தக் குழாய்கள் போகின்றன. கரு வெளியே வந்ததும் தசை இறுகும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போல ஒவ்வொரு குழாயும் நெரிபட்டு மூடிக்கொள்ளும். சாதாரணக் கருச்சிதைவில் சில நாளில் ரத்தம் தானாகக் குறைவது இதனால்தான்.

தழும்பில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே தசைக்குப் பதிலாக நார்த்திசு இருக்கிறது. நார்த்திசு சுருங்காது. அதைச் சுற்றியுள்ள கருப்பையின் கீழ்ப்பகுதியிலும் இயல்பாகவே தசை குறைவு. மேலே கருப்பை கல்லாக இறுகியிருந்தாலும் கீழே தழும்பில் திறந்த குழாய்கள் திறந்தபடியே ரத்தத்தைக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகு பயன்படும் ஆக்ஸிடோசின் ஊசியும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. முதல் மூன்று மாதங்களில் கருப்பை அந்த மருந்துக்கு அவ்வளவாகப் பதில் சொல்லாது. சொன்னாலும், சுருங்க வேண்டிய இடத்தில் சுருங்கத் தசை இல்லை.

இன்னொன்றும் உண்டு. கருப்பையின் உட்சவ்வு இயல்பான இடத்தில் நஞ்சின் (நஞ்சுக்கொடியின்) வேர்களுக்கு ஓர் எல்லை போடுகிறது. தழும்பில் அந்தச் சவ்வு மெல்லியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எனவே நஞ்சு சுவருக்குள்ளேயே ஊடுருவுகிறது. அப்படி ஊடுருவியதைப் பிய்த்தெடுக்கும்போது சுவரும் சேர்ந்து கிழியலாம்.

"அதிக ரத்தப்போக்கு" என்றால் எத்தனை மில்லி?

ஆய்வுக்கு ஆய்வு மாறும். சில ஆய்வுகள் 200 மி.லி.யைத் தாண்டினாலே அதிகம் என்கின்றன, சில 500 மி.லி. என்று கோடு போடுகின்றன, இன்னும் சில ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் மட்டும் கணக்கில் எடுக்கின்றன. ஆகவே, "இந்த முறையில் ரத்தப்போக்கு இத்தனை சதவீதம்" என்று எங்காவது படித்தால், எந்த அளவுக்கு மேல் போனதை எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். அது இல்லாமல் இரண்டு சதவீதங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

உடலுக்கோ கணக்கு வேறு. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் சுமார் மூன்றேகால் லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் அரை லிட்டர் போவதை, ரத்தசோகை இல்லாதவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். ஹீமோகுளோபின் 8இல் இருப்பவருக்கு அதே அரை லிட்டர் ஆபத்து.

ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் முதலாவது எது?

நாள். அதாவது, எத்தனை வாரத்தில் சிகிச்சை தொடங்குகிறது என்பது. ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் இதுதான், அதில் ஆச்சரியமும் இல்லை. 6 வாரத்தில் கருவின் பை (கருவைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை) ஸ்கேனில் ஒன்றேகால் செ.மீ. அளவில் தெரியும், 8 வாரத்தில் இரண்டரை செ.மீ.யைத் தாண்டும், 10 வாரத்தில் 4 செ.மீ.யை நெருங்கும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். நஞ்சு ஒட்டியிருக்கும் இடமும் திறந்திருக்கும் குழாய்களும் அதே வேகத்தில் கூடுகின்றன, சுவர் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது.

பல ஆய்வுகளில் 8 வாரம் ஒரு திருப்பமாக வருகிறது. அதற்கு முன் செய்த சிகிச்சைகளில் சிக்கல் குறைவு, பிறகு செய்தவற்றில் அதிகம். 7 வாரம் 6 நாளில் பயமே இல்லை, மறுநாள் எல்லாம் மாறிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் "ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம்" என்பது மற்ற பல நிலைகளில் நல்ல ஆலோசனை. தழும்புக் கர்ப்பம் என்று உறுதியான பிறகு அந்த ஒரு வாரம் சும்மா கழிவதில்லை.

அறிக்கையில் "மிஞ்சிய தசைத் தடிமன் 2 மி.மீ." என்று இருக்கிறது. இது மோசமா?

கருவின் பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் எவ்வளவு கருப்பைச் சுவர் மிச்சம் என்பதே அந்த எண். வழக்கமாக 3 மி.மீ.யைக் கோடாக வைத்துப் பேசுகிறார்கள். அதற்குமேல் இருந்தால் உறிஞ்சி எடுக்கும் முறைக்கு ஓரளவு இடம் இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக, குறிப்பாக 2 மி.மீ.க்குக் கீழே, கருவி சுவரைத் துளைப்பதற்கும் ரத்தம் நிற்காமல் போவதற்கும் வாய்ப்பு கூடும்.

உங்கள் 2 மி.மீ. நிச்சயம் கவனம் கேட்கும் எண்தான். ஆனால் அதை எப்படி அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், சிறுநீர்ப்பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்கும்போது, நீளவாட்டில் பார்த்து, மிக மெல்லிய இடத்தில் அளக்க வேண்டும். சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாக இருந்தால் சுவரின் வெளி எல்லை சரியாகத் தெரியாது. முட்ட நிறைந்திருந்தால் சுவரை அழுத்தி எண்ணைக் குறைத்துக் காட்டும். இரண்டு மருத்துவர்கள் அளந்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். 2.8க்கும் 3.1க்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இல்லை.

முதல் வகை, இரண்டாம் வகை என்று எழுதியிருக்கிறார்களே?

கரு எந்தத் திசையில் வளர்கிறது என்பதை வைத்துப் பிரித்தது அது. கருப்பையின் உள்ளறையை நோக்கி வளர்ந்தால் முதல் வகை. தழும்புக்குள் ஆழமாகப் புதைந்து சிறுநீர்ப்பைப் பக்கம் வெளியே புடைத்தால் இரண்டாம் வகை. சிலர் நடுவில் இன்னொரு வகையும் சேர்த்து மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

ரத்தப்போக்குக்கு இரண்டாம் வகையில் வாய்ப்பு அதிகம். அங்கே சுவர் ஏற்கெனவே ஏடு போல் ஆகியிருக்கும். உள்ளே கருவியை விட்டு உறிஞ்சினால் கரு பாதி வரும், பாதி குழிக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே புடைத்ததை வெளியிலிருந்து, அதாவது லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியே செய்யும் அறுவை) மூலம் அணுகி, கருவை எடுத்துவிட்டு மெலிந்த சுவரை வெட்டிச் சேர்த்துத் தைப்பதே பெரும்பாலும் பொருத்தம்.

டாப்ளரில் "ரத்த ஓட்டம் மிக அதிகம்" என்றால்?

டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன். முதலில் ஒரு சின்ன விஷயம்: திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் தமனி, சிரை என்று பொருள்படாது. கருவியை நோக்கி வரும் ஓட்டம் ஒரு நிறம், விலகிப் போவது இன்னொரு நிறம், அவ்வளவே.

மருத்துவர் பார்ப்பது வேறு. பைக்கும் தழும்புக்கும் நடுவே நிறம் ஆங்காங்கே புள்ளியாக இருக்கிறதா, வளையமாகச் சுற்றியிருக்கிறதா, சுவர் முழுக்கப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். வேகமான, தடையில்லாத ஓட்டம் வளையமாக இருந்தால், நஞ்சு நன்றாக வேர்விட்டு, பல குழாய்கள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். சுவரின் தடிமனும் இந்த ஓட்டமும் சேர்ந்துதான் பேசும். 4 மி.மீ. சுவரில் கொஞ்சம் ஓட்டம் என்பது ஒன்று, 1.5 மி.மீ. சுவர் முழுக்க நிறம் என்பது முற்றிலும் வேறு. என்னைக் கேட்டால், ஒரு அறிக்கையில் வார எண்ணிக்கைக்கு அடுத்து முதலில் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

பீட்டா எச்.சி.ஜி. அளவு அதிகமாக இருந்தால்?

எச்.சி.ஜி. என்பது கர்ப்பத்தில் நஞ்சு சுரக்கும் ஹார்மோன். அதிக அளவு என்பது உயிர்ப்புள்ள நஞ்சு நிறைய இருக்கிறது என்பதைக் காட்டும், ஆகவே ஆபத்தும் கூடவே வரும். மருந்து மட்டும் கொடுத்தால் வேலை செய்யுமா என்பதையும் இந்த எண் ஓரளவு சொல்லும். ஆனால் இது இயல்பாகவே 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் ஹார்மோன். வாரத்தோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் தவறாக வழிநடத்தும்.

அதைவிட முக்கியம்: அளவு குறைவு என்பதாலேயே ரத்தம் கொட்டாது என்று நம்பிவிடக் கூடாது. கருவின் இதயத்துடிப்பு நின்று பல வாரங்கள் தழும்பிலேயே தங்கிவிட்ட கர்ப்பத்தில் எச்.சி.ஜி. சரிந்திருக்கும்; ஆனால் சுற்றிலும் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட குழாய்க் கூட்டம் உருவாகியிருக்கலாம். அதைத் தெரியாமல் சுரண்டினால் ரத்தம் பீறிடும்.

கருவுக்குத் துடிப்பு இருப்பது ரத்தப்போக்கைக் கூட்டுமா?

ஆம், பொதுவாக. துடிப்பு இருந்தால் ரத்த ஓட்டம் முழு வீச்சில் இருக்கும். துடிப்பு நின்று அதிக நாள் ஆகாத, சிறிய கர்ப்பங்களில் ஆபத்து குறைவு. சில சிகிச்சைகள் முதலில் ஊசி மூலம் துடிப்பை நிறுத்திவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பதும் இதற்காகத்தான்.

மூன்று சிசேரியன் ஆனவருக்கு ஒன்று ஆனவரைவிட ஆபத்து அதிகமா?

இருக்கலாம், ஆனால் ஆய்வுகள் இதில் ஒத்துப்போவதில்லை. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கும் தழும்புக் கர்ப்பம் நிறையவே வருகிறது. எத்தனை முறை வெட்டினார்கள் என்பதைவிட, அந்தத் தழும்பு எப்படி ஆறியது, குழி எவ்வளவு ஆழம் என்பதே அதிகம் சொல்லும். தாயின் வயது, கடைசி சிசேரியனிலிருந்து ஆன இடைவெளி இவையும் சில ஆய்வுகளில் வருகின்றன, சிலவற்றில் காணாமல் போகின்றன. இவற்றை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

இதைச் சாதாரணக் கருச்சிதைவு என்று நினைத்து டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்துவிட்டால்?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது. மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் உடலில் இருப்பவை. இது மட்டும் தவிர்க்கக் கூடியது.

நடப்பது இப்படித்தான். 7 வாரத்தில் லேசாக ரத்தக்கறை. ஸ்கேனில் கருவின் பை கீழே, கருப்பை வாய்க்கு அருகில் தெரிகிறது. "கரு நழுவி வெளியே வந்துகொண்டிருக்கிறது" என்று முடிவாகிறது. சுத்தம் செய்யக் கூர்மையான க்யூரெட் (சுரண்டும் கருவி) உள்ளே போகிறது, குருட்டாம்போக்காகச் சுரண்டுகிறது, தழும்பில் ஊன்றிய நஞ்சு பாதி பிய்கிறது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்பதில்லை. ஏற்ற ரத்தம் தயாராக இல்லை, ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தும் பலூன் கையில் இல்லை, அறுவை அரங்கில் சொல்லிவைக்கவும் இல்லை. ஸ்கேன் பார்க்காமல் கலைப்பு மாத்திரை விழுங்குவதிலும் இதே கதைதான், கூடுதலாக அது வீட்டில் நடக்கிறது.

நழுவி வரும் கருச்சிதைவையும் தழும்புக் கர்ப்பத்தையும் பிரித்தறிய நல்ல வழிகள் உண்டு. ஸ்கேன் கருவியை மெல்ல அழுத்தினால், நழுவி வந்துகொண்டிருக்கும் பை கருப்பை வாய்க்குள் அசையும். தழும்பில் ஊன்றியது அசையாது. டாப்ளரில் நழுவிய பையைச் சுற்றி ஓட்டம் இருக்காது, ஊன்றியதைச் சுற்றி இருக்கும். தழும்புக் கர்ப்பத்தில் கருப்பையின் உள்ளறையும் கருப்பை வாய்ப் பாதையும் காலியாக இருக்கும், பை முன்சுவரில், சிறுநீர்ப்பையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்கச் சிறந்த நேரம் 6, 7 வாரம். அதைத் தாண்டினால் பை வளர்ந்து மேலே உள்ளறைக்குள் நீண்டு, சாதாரணக் கர்ப்பம் போலவே காட்டிவிடும்.

முன்பு சிசேரியன் ஆனவர் இப்போது எதற்காகக் கருவைச் சுத்தம் செய்யப் போனாலும், "பை தழும்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டியதில்லை.

எந்தச் சிகிச்சையில் ரத்தப்போக்கு அதிகம்?

கூர்மையான கருவியால் சுரண்டுவது மட்டும் என்றால், அதில்தான் அதிகம். அமெரிக்காவின் தாய்-கரு மருத்துவச் சங்கம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டி, தனியாகச் சுரண்டலைத் தவிர்க்கச் சொல்கிறது. உடல் முழுக்கப் பரவும்படி மெத்தோட்ரெக்ஸேட் (கரு வளர்வதை நிறுத்தும் மருந்து) ஊசி மட்டும் போட்டு விட்டுவிடுவதும் வேண்டாம் என்கிறது. ஊசி போடும்போது ரத்தம் வராது. ஆனால் பாதிப் பேருக்கு நெருக்கமாக அது பலிக்காமல் போய், வாரங்கள் கழிந்து, பெரிதாகிவிட்ட கர்ப்பத்தோடு அவசர சிகிச்சைக்கு வருவார்கள். ரத்தப்போக்கு தள்ளிப்போனதே தவிர, இல்லாமல் போகவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டை ஸ்கேன் பார்த்தபடி கருவின் பைக்குள்ளேயே செலுத்துவது வேறு முறை, அது மேலானது.

சிறிய, உள்நோக்கி வளர்ந்த, சுவர் தடித்த கர்ப்பத்தில் ஸ்கேன் வழிகாட்ட உறிஞ்சி எடுப்பது நன்றாக வேலை செய்கிறது. குழாயின் முனை தழும்பிலிருந்து எங்கே இருக்கிறது என்று திரையில் தெரிந்துகொண்டே செய்வதால் துளைப்பது குறையும். ஹிஸ்டெரோஸ்கோப்பியில் (கருப்பைக்குள் சின்னக் கேமராவை விட்டுச் செய்வது) நஞ்சு ஒட்டிய இடத்தை நேரே பார்த்துப் பிரித்து, ரத்தம் கசியும் குழாயை மின்சூட்டால் அடைக்கலாம். இரட்டைப் பலூன் முறையும் உண்டு: மேல் பலூன் கருப்பைக்குள் நங்கூரமாக நிற்கும், கீழ் பலூன் கருவின் பையை அழுத்தித் துடிப்பை நிறுத்தும், கூடவே ரத்தத்தையும் அடைக்கும். இது 6 முதல் 8 வாரத்துக்குள்தான் சரிப்படும். வெளியே புடைத்தவற்றுக்கு லேப்ராஸ்கோப்பி என்று முன்பே பார்த்தோம், பிறப்புறுப்பு வழி அறுவையும் உண்டு.

செய்பவரின் அனுபவமும் இதில் ஒரு காரணம்தான். ஆய்வு அட்டவணைகளில் அது வராது, ஏனென்றால் அதை மில்லிமீட்டரில் அளக்க முடியாது.

கருப்பைத் தமனியை முதலிலேயே அடைத்துவிட்டால் ரத்தமே வராதே? எல்லாருக்கும் அதையே செய்தால் என்ன?

எம்போலைசேஷன் என்பது தொடை அல்லது கை தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கருப்பைக்குப் போகும் தமனிகளில் ஜெலட்டின் துகள்களைச் செலுத்தி ஓட்டத்தைக் குறைப்பது. பெரும்பாலும் அடுத்த ஓரிரு நாளில் கருவை எடுத்துவிடுவார்கள். ரத்தப்போக்கு குறைவது உண்மை.

ஆனால் விலை உண்டு. கடும் வயிற்று வலி, காய்ச்சல், எக்ஸ்ரே கதிர்வீச்சு இவை உடனடித் தொல்லைகள். கருப்பையின் உட்சவ்வு ஒட்டிக்கொள்வது, சினைப்பையின் திறன் குறைவது ஆகியவை பின்னால் வரக்கூடியவை. இன்னொரு குழந்தை வேண்டுபவருக்கு இவை சின்ன விஷயமில்லை. 6 வாரத்தில், 4 மி.மீ. சுவரோடு இருக்கும் கர்ப்பத்துக்கு இது தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு என்பது என் கருத்து. 9 வாரம், மெல்லிய சுவர், வளையமாக ஓட்டம் என்றால் அதே எம்போலைசேஷன் கருப்பையைக் காப்பாற்றலாம். யாருக்கு வேண்டும் என்று பிரிப்பதற்குத்தான் இத்தனை அளவுகளும்.

சிகிச்சையின் நடுவில் ரத்தம் கொட்டினால் என்ன செய்வார்கள்?

கருப்பை வாய் வழியாக ஃபோலி கத்தீட்டரை (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) உள்ளே விட்டு, அதன் பலூன் தழும்புக்கு நேராக வரும்படி ஸ்கேனில் பார்த்து நிறுத்துவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் ஏற்றுவார்கள், பெரும்பாலும் 20, 30 மி.லி. போதும். ஒரேயடியாக நிரப்பினால் மெல்லிய சுவர் கிழியும். திரையில் நிற ஓட்டம் குறைகிறதா, கத்தீட்டர் வழியே ரத்தம் வடிவது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டிய அளவைத் தீர்மானிப்பார்கள். சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை அப்படியே வைத்துவிட்டு, படிப்படியாகத் திரவத்தை இறக்குவார்கள்.

அதே நேரத்தில் ரத்த உறைவு கரையாமல் காக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலம் நரம்பு வழியாகப் போகும், ரத்தம் ஏற்றத் தொடங்குவார்கள். பலூனுக்கு அடங்கவில்லை என்றால் அடுத்தது அவசர எம்போலைசேஷன், அல்லது வயிற்றைத் திறந்து தழும்பை வெட்டித் தைப்பது. எதற்கும் நிற்காதபோது கருப்பையை எடுப்பது உயிர் காக்கும் முடிவு. அந்த வாய்ப்புக்கும் சிகிச்சைக்கு முன்பே கையெழுத்து வாங்கினால் பதறாதீர்கள், அது எச்சரிக்கையான மருத்துவமனைக்கு அடையாளம்.

சிகிச்சைக்கு முன் நான் என்னென்ன சொல்ல வேண்டும்?

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அல்லது ஊசி எது எடுத்தாலும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் பிடுங்கியபோதோ முந்தைய பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் தொல்லை கொடுத்ததா? முன்பு நஞ்சு ஒட்டிக்கொண்டு எடுக்கச் சிரமமானதா? ஏற்கெனவே வேறு இடத்தில் ஊசியோ சுரண்டலோ முயன்று முடியாமல் போயிற்றா? கடைசியாகச் சொன்னதைச் சிலர் தயங்கி மறைக்கிறார்கள். பாதியில் நின்ற முயற்சிக்குப் பிந்தைய சிகிச்சையில் ரத்தப்போக்கு கூடும் என்பதால் அது அவசியம் தெரிய வேண்டும்.

ஹீமோகுளோபின் குறைவு என்றால் அதற்கும் சேர்த்து ரத்தம் ஏற்பாடு செய்வார்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: "ரத்தம் நிற்கவில்லை என்றால் எம்போலைசேஷன், அறுவை இரண்டும் இங்கேயே, இரவிலும் முடியுமா?" முடியாது என்றால், நிலை சீராக இருக்கும்போதே வசதியுள்ள இடத்துக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி பயமில்லையா?

உறிஞ்சியோ வெட்டியோ எடுத்திருந்தால் முதல் ஓரிரு வாரம் கவனம் போதும், எச்.சி.ஜி. பூஜ்யமாகும்வரை ரத்தப் பரிசோதனை தொடரும். ஊசி மருந்தில் நீண்ட காலம் எடுக்கும். முதல் சில நாளில் எச்.சி.ஜி. ஏறினாலும் ஏறலாம். தழும்பில் இருக்கும் கட்டி கரைய மாதக்கணக்கில் ஆகும்; சில சமயம் கரைவதற்கு முன் பெரிதானது போலவும் தெரியும். நடுவில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் ஒரு நாளில், திடீர் ரத்தப்போக்கு வரலாம். அந்த மாதங்களில் நெடும்பயணம் வேண்டாம். தாம்பத்திய உறவுக்கு மருத்துவர் சொல்லும்வரை பொறுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் போட்டிருந்தால் ஃபோலிக் அமில மாத்திரையும் மதுவும் கூடாது, வலி மாத்திரையைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் நனைவது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே கிளம்புங்கள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கல் போல் ஆகிறது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி என்றால், வெளியே ரத்தமே தெரியாவிட்டாலும் கிளம்புங்கள். சுவர் கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள் போகும், பேடில் வராது. இளம் வயதினருக்கு ரத்த அழுத்தம் கடைசி நிமிடம்வரை சரியாகவே காட்டும். நாடித்துடிப்புதான் முதலில் ஏறும்.

சிகிச்சையே வேண்டாம், கர்ப்பத்தைத் தொடர்கிறேன் என்றால்?

குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துடிப்போடு தொடரும் தழும்புக் கர்ப்பங்களில் பெரும்பாலானவை, நஞ்சு கருப்பைச் சுவரைத் துளைத்து வளரும் நிலையில் முடிகின்றன. அப்போது பிரசவத்தோடு கருப்பையையும் எடுக்க வேண்டி வரலாம், ரத்தப்போக்கு லிட்டர் கணக்கில் இருக்கும். நடுவிலேயே கருப்பை கிழியும் ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன அதே சங்கம் காத்திருப்பதைப் பரிந்துரைக்கவில்லை. தெரிந்தே தொடர முடிவெடுப்பவர்களுக்கு 34 வாரத்திலிருந்து 35 வாரம் 6 நாளுக்குள் சிசேரியன் என்கிறது. முடிவு உங்களுடையது. எடுப்பதானால் ஆரம்பத்திலிருந்தே, இத்தகைய நஞ்சுப் பிரச்சினைகளைக் கையாளும் பெரிய மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறையும் தழும்பிலேயே ஒட்டுமா? அப்போதும் இதே ரத்தப்போக்கு அபாயமா?

மறுபடி வரலாம், முன்பு வந்தவருக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். ஆனாலும் அடுத்த கர்ப்பம் சரியான இடத்தில் அமைந்து நல்லபடியாகப் பிரசவமானவர்களே அதிகம். மெத்தோட்ரெக்ஸேட் போட்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் முயல வேண்டும், பல மருத்துவர்கள் ஒரு வருடம்வரை இடைவெளி கேட்பார்கள். குழி ஆழமாக, சுவர் மிக மெலிந்து இருந்தால் முன்கூட்டியே சரிசெய்யும் அறுவை பற்றிப் பேசலாம். அதனால் மறுபடி வருவது நிச்சயமாகக் குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்.

மாதவிடாய் தள்ளிப்போய்ச் சோதனையில் உறுதியானதும், வழக்கமான முதல் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 6 வாரத்தில் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். படிவத்தில் "முன்பு தழும்புக் கர்ப்பம்" என்று எழுதச் சொல்லுங்கள், பழைய ஸ்கேன் படத்தையும் சிகிச்சைக் குறிப்பையும் கொண்டு போங்கள். அந்த வாரத்தில் தெரிந்துவிட்டால், ஒருவேளை மறுபடி தழும்பிலேயே இருந்தாலும், பை ஒன்றரை செ.மீ.க்குள்தான் இருக்கும்.